வாட்ச் காட்டிய கலோரியும் நான் தின்ற பர்கரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலையில் கூடைப்பந்து ஆடிவிட்டு, கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்து பர்கர் தின்றபடி, யார் கையில் என்ன புது சாதனம் இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் கூட்டம் எங்களுடையது. சில நாள் ஆறு பேர், சில நாள் பன்னிரண்டு பேர். புதிதாக வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைக்கிறேன். நான் டாக்டரும் இல்லை, கோச்சும் இல்லை. சுமாராக ஆடுகிறவன், தேவைக்கு மேல் சாதனம் வாங்குகிறவன், பசி தாங்காதவன். அந்தத் தகுதியில்தான் இந்தப் பதில்கள்.

ஒரு மணி நேரம் ஆடினால் 800 கலோரி போய்விட்டதாக வாட்ச் காட்டுகிறது. அப்படியென்றால் ஒரு பர்கரும் ஃப்ரைஸும் சாப்பிடலாம்தானே?

இந்தக் கேள்வியில் நானே ஒரு வருடம் ஏமாந்திருக்கிறேன். முதல் ஸ்மார்ட் வாட்ச் வாங்கிய புதிதில், ஆட்டம் முடிந்ததும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பேன். 780, 820 என்று எதையாவது காட்டும். அந்தத் தொகையை அப்படியே சாப்பாட்டில் செலவழித்துவிட்டு வீடு திரும்புவேன். கணக்கு ஒவ்வொரு நாளும் சரியாகத்தான் இருந்தது. பெல்ட்டில்தான் ஒரு துளை தள்ளிப் போட வேண்டியதாயிற்று.

விஷயம் என்னவென்றால், வாட்ச் கலோரியை அளப்பதே இல்லை. இதயத் துடிப்பு, கையின் அசைவு, நீங்கள் பதிந்து வைத்த வயது, எடை, உயரம் எல்லாவற்றையும் போட்டு ஒரு எண்ணை ஊகிக்கிறது. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு 7 வகைக் கருவிகளை மாட்டிச் சோதித்தார்கள். இதயத் துடிப்பில் ஏழில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் நின்றன. கலோரியில் கதை வேறு. இருந்ததிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். அதன் பிறகு எத்தனையோ மாடல்கள் வந்துவிட்டன. ஆனாலும் ஊகம் ஊகம்தான்.

கையால் கணக்குப் போடும் பழைய வழி ஒன்று இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிப்பதை ஒன்று என்று வைத்தால், நிஜமான கூடைப்பந்து ஆட்டம் ஏறக்குறைய 8 மடங்கு. தனியாக நின்று கூடையில் போட்டுப் பழகினால் 4.5 மடங்கு. 70 கிலோ எடையுள்ளவர் உட்கார்ந்திருந்தாலே மணிக்குச் சுமார் 70 கலோரி போகும். ஆக ஒரு மணி நேர ஆட்டத்துக்கு 560, தனிப் பயிற்சிக்கு 315. இதிலும், ஆடாமல் இருந்தாலும் போயிருக்கக்கூடிய 70 அடக்கம்.

அப்புறம் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் முறை வரும்வரை ஓரத்தில் நின்றது எவ்வளவு? பவுலா இல்லையா என்று வாதாடியது எவ்வளவு? ஒருநாள் நாங்கள் ஸ்டாப்வாட்ச் வைத்தே பார்த்தோம். ஒரு மணி நேரத்தில் பந்து நிஜமாக ஓடியது 34 நிமிடம்.

இந்தப் பக்கம், இரட்டை அடுக்குப் பர்கர் ஒன்று 550, 600 கலோரி வரும். நடுத்தர ஃப்ரைஸ் முந்நூறுக்கு மேல். 330 மில்லி கோலா 140. கூட்டினால் ஆயிரத்தைத் தொடும். பசித்தால் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன். வாட்சைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

அப்போ வாட்ச் வாங்கியது வீணா?

இல்லை. எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று தெரிந்தால் போதும்.

அடிப்பக்கம் பச்சை விளக்கு மினுக்குகிறதே, அதுதான் துடிப்பை எண்ணுவது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறையும்போது, திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். இதற்குத் தோலும் கருவியும் ஒட்டி இருக்க வேண்டும். நடையிலும் ஓட்டத்திலும் கை ஒரே தாளத்தில் ஆடுவதால் பரவாயில்லை. கூடைப்பந்தில் கை எங்கெங்கோ போகிறது, மணிக்கட்டு மடங்கி விரிகிறது, பட்டை நழுவுகிறது. அப்போது வருகிற எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த விஷயத்தில் அக்கறை உள்ளவர்கள் மார்பில் கட்டும் பட்டை வாங்கலாம். அது இதயத்தின் மின் சைகையையே பிடிப்பதால் இவ்வளவு தடுமாறாது.

எனக்கு வாட்சில் பயன்படுவது ஒன்றே ஒன்று. காலையில் ஓய்வாக இருக்கும்போது காட்டும் துடிப்பு. ஒருநாள் எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பல வாரங்களின் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் உடம்பு பழகுவது தெரியும். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் திடீரென்று ஏறினால், தூக்கம் போதவில்லை அல்லது காய்ச்சல் வரப்போகிறது என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கு ஆடாமல் வேடிக்கை பார்ப்பேன்.

ஒரு நாளைக்கு 10,000 அடி நடந்தே ஆக வேண்டுமா?

அந்த எண் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வந்ததில்லை. 1965இல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவிக்கு 'மன்போ-கெய்' என்று பெயர் வைத்தார்கள். 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள். விளம்பரத்துக்கு எடுப்பான எண், அப்படியே உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. 2019இல் வயதான பெண்கள் 16,741 பேரை வைத்துச் செய்த ஆய்வில், சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. இளைஞர்களுக்கு அதே கணக்கு பொருந்தும் என்று சொல்லவில்லை. இரவு பதினொன்றரைக்கு வீட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து 10,000ஐ முடிக்கும் நண்பருக்காக மட்டும் இதை எழுதுகிறேன்.

வாட்ச் கட்டிக்கொண்டே ஆடலாமா?

கூடாது. முறையான போட்டிகளில் அடுத்தவரைக் காயப்படுத்தக்கூடிய கடினமான பொருள் எதையும் அணிய விடமாட்டார்கள். நான் கட்டிக்கொண்டுதான் ஆடினேன், ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கு) தாவும்போது ஒருவர் நெற்றியில் அது கோடு கிழிக்கும் வரை. இப்போது பைக்குள் போய்விடும். முதல் கேள்வியில் பாதி இதிலேயே தீர்ந்துவிட்டது என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ஆடியதும் துரித உணவு சாப்பிட்டால் ஆடியதெல்லாம் போச்சு என்கிறார்களே?

அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. 2015இல் அமெரிக்காவின் மொன்டானா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். 11 ஆண்களை 90 நிமிடம் கடுமையாக சைக்கிள் மிதிக்க வைத்து, பிறகு ஒரு முறை விளையாட்டு வீரர்களுக்கான பொடி, பார், பானம் என்றும், இன்னொரு முறை பர்கர், ஃப்ரைஸ், ஹாஷ் பிரவுன் என்றும் கொடுத்தார்கள். தசையில் தீர்ந்துபோன சர்க்கரைச் சேமிப்பு மீண்டதிலும், அடுத்த சைக்கிள் ஓட்டத்தில் எடுத்த நேரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதைப் படித்ததும் எங்கள் கூட்டத்தில் ஒரே கொண்டாட்டம். ஆனால் இரண்டு விஷயம். அவர்கள் கொடுத்தது அளந்து வைத்த சிறிய பங்கு. அதோடு அந்த 11 பேரும் 90 நிமிடமும் நிஜமாகவே மிதித்தவர்கள், 34 நிமிட ஆட்கள் இல்லை.

சிக்கல் அளவில் இருக்கிறது. 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை நான்கு வாரம் உள்ளேயே தங்கவைத்தது. இரண்டு வாரம் தொழிற்சாலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சமைத்த சாதாரண உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் இரண்டிலும் சமம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள், இன்னும் வேகமாகத் தின்றார்கள், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடையும் ஏறியது. மென்மையாக இருக்கிறது, மெல்ல வேண்டியதில்லை, வயிறு நிறைந்த தகவல் மேலே போய்ச் சேருவதற்குள் பெட்டி காலி. ஆடி முடித்த பசியில் இது இன்னும் மோசம். யானைப் பசிக்குச் சோளப்பொரி போலத் தோன்றும், இரண்டாவது பர்கர் சொல்லிவிடுவோம்.

நான் கண்டுபிடித்த ஒரே தந்திரம் இதுதான்: முதலில் அரை லிட்டர் தண்ணீர், பத்து நிமிடம் சும்மா உட்காருவது, அதற்குப் பிறகே ஆர்டர். பெரும்பாலும் ஒன்றோடு முடிந்துவிடுகிறது. கோலாவை விட்டுவிட்டேன். 330 மில்லியில் 35 கிராம் சர்க்கரை, அதுவும் ஏழெட்டு மடக்கில்.

ஆட்டத்துக்கு முன்னால்?

கொழுப்பு வயிற்றைவிட்டு மெதுவாகத்தான் நகரும். மூன்று மணி நேரம் முன்னதாக என்றால் சரி. அரை மணி முன்னால் தின்றுவிட்டு வந்த ஒருவரை நாங்கள் முதல் லே-அப்பிலேயே (ஓடிவந்து கூடைக்கு அருகில் தாவிப் போடுவது) உட்காரவைத்துத் தண்ணீர் தெளித்திருக்கிறோம். வாழைப்பழம் போதும்.

ஃப்ரைஸ் வீட்டுக்கு வருவதற்குள் ஏன் துவண்டுபோகிறது?

கடையில் மொறுமொறுவென்று இருப்பது மேலே உள்ள மெல்லிய காய்ந்த ஓடு. உள்ளே வெந்த உருளைக்கிழங்கு, நிறைய ஈரம். ஆற ஆற அந்த ஈரம் வெளியே நகர்ந்து ஓட்டை நனைக்கிறது. மூடிய பெட்டிக்குள் வைத்தால் நீராவியும் போக வழியில்லாமல் திரும்ப அதன்மேலேயே படிகிறது. எனவே வாங்கியவுடன் பெட்டியைத் திறந்துவிடுங்கள். வண்டியெல்லாம் மணக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடி சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், உள் ஈரத்தைத்தான் இன்னும் வெளியே தள்ளும். காய்ந்த தோசைக்கல்லோ ஏர் ஃப்ரையரோ நான்கு நிமிடத்தில் ஓரளவு மீட்டுத் தரும். (வாங்கிய சாதனங்களில் அலமாரிக்குப் போகாமல் தப்பியது என் ஏர் ஃப்ரையர் மட்டும்தான். அது வேறொன்றும் இல்லை, சிறிய பெட்டிக்குள் சூடான காற்றைச் சுழற்றும் அடுப்பு.)

இவ்வளவு வேகமாக எப்படிக் கொடுக்கிறார்கள்?

இதற்கும் கோர்ட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த கதை. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் 1948இல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையைச் சில மாதம் மூடினார்கள். 25 வகைகள் இருந்த பட்டியலை 9 ஆகக் குறைத்து, தட்டு, கரண்டி கழுவும் வேலையை ஒழித்து, ஒருவருக்கு ஒரே வேலை என்று பிரித்துத் திறந்தார்கள். பின்னால் புதுக் கட்டடம் கட்டும்போது, சமையலறையின் வரைபடத்தை வீட்டு டென்னிஸ் கோர்ட்டில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்தார்கள். ஊழியர்களை வரச்சொல்லி, இல்லாத அடுப்பில் இல்லாத பர்கரைத் திருப்ப வைத்தார்கள். யார் யாரோடு இடிக்கிறார், எந்த மேஜை ஓரடி தள்ளி இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கோடுகளை மாற்றினார்கள்.

எந்தக் கோச்சும் செய்வது இதைத்தான். நல்ல டீம் ஆடும்போதும் பந்து நிற்காது, ஆள் ஆளோடு இடிக்காது. எங்கள் டீமில் ஐந்து பேரும் ஒரே மூலைக்கு ஓடுவோம். சமையலறையாக இருந்தால் முதல் நாளே தீப்பிடித்திருக்கும்.

புது போன் வந்திருக்கிறது. இப்போதே வாங்கலாமா, பொறுக்கலாமா?

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள். போனுக்கு இன்னும் குறைவு.

என் சோதனை எளிது. இப்போது இருக்கும் போனில் என்ன குறை என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். "சார்ஜ் நிற்கவில்லை" என்று வந்தால், பேட்டரியை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் தீரும். "இடம் போதவில்லை" என்றால், நீங்கள் திரும்பப் பார்க்கவே போகாத வீடியோக்களை அழியுங்கள். பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, வங்கிச் செயலி ஓடமாட்டேன் என்கிறது என்றால் மாற்ற வேண்டியதுதான். எதுவும் எழுத வரவில்லை என்றால், உங்களுக்கு வேண்டியது பெட்டியைப் பிரிக்கும் சந்தோஷம். தப்பில்லை, எனக்கும் உண்டு. அந்தச் சந்தோஷத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இரவு முழுக்க சார்ஜில் போட்டால் கெட்டுவிடுமா?

வெடித்துவிடாது. நிறைந்ததும் போனே மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும். ஆனால் லித்தியம்-அயன் பேட்டரிக்கு இரண்டு விஷயம் பிடிக்காது: வெப்பம், முழு வயிறோடு நெடுநேரம் கிடப்பது. தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் செய்தால் இரண்டும் சேர்ந்து நடக்கிறது. 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இப்போது பல போன்களில் இருக்கிறது, போட்டு வையுங்கள். இந்த வகைப் பேட்டரியை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது சோனி, 1991இல். அதற்கு வழிவகுத்த குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97.

கோர்ட் ஓரத்தில் வெயிலில் பையைப் போட்டுவிட்டு ஆடப் போகிறோமே, அதுதான் இரவுச் சார்ஜைவிடப் பெரிய கெடுதல். போனின் பின்பக்கம் உப்பியிருந்தால் யோசிக்காதீர்கள், உபயோகத்தை நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

எல்லாம் ஒரே மாதிரி யூஎஸ்பி-சி கேபிள்தானே? ஏன் ஒன்று மட்டும் ஆமை வேகம்?

முனை ஒன்று, உள்ளே இருக்கும் கம்பி வேறு. சாதாரண சி கேபிள் 60 வாட் வரைதான் கடத்தும். அதற்கு மேல் வேண்டும் என்றால் உள்ளே அடையாளச் சில்லு உள்ள கேபிள் வேண்டும், அது 240 வாட் வரை போகும். தரவு வேகமும் அப்படியே: பெட்டியில் வருகிற பல கேபிள்கள் நொடிக்கு 480 மெகாபிட் என்ற பழைய யூஎஸ்பி 2.0 வேகத்தோடு நின்றுவிடும். 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய போன்களுக்கெல்லாம் சி முனை கட்டாயமானது. சார்ஜர் தேடும் தொல்லை குறைந்தது, எந்தக் கேபிள் என்று தேடும் தொல்லை கூடியது. நல்ல கேபிளில் வண்ண நூல் கட்டி வைத்திருக்கிறேன்.

என்ன பந்து வாங்குவது?

ஆண்களுக்கு 7ஆம் எண், பெண்களுக்கு 6, பன்னிரண்டு வயதுக்குள் 5. 7ஆம் எண் பந்தின் சுற்றளவு 75 முதல் 77 செ.மீ., எடை சுமார் 600 கிராம். சிமென்ட் தரை என்றால் ரப்பர் பந்து. உள்ளரங்கத் தோல் பந்தைச் சிமென்டில் ஆடினால் சில மாதத்தில் மொட்டையாகிவிடும். காற்று சரியா என்று பார்க்க விதிப்புத்தகத்தில் பல காலம் இருந்த அளவு: 1.8 மீட்டரிலிருந்து விட்டால் பந்தின் உச்சி 1.2 முதல் 1.4 மீட்டர் வரை எழ வேண்டும். தலை உயரத்திலிருந்து விட்டு இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்தால் சரி.

பந்தோடு பம்ப் ஊசி இரண்டு வாங்குங்கள். எங்கள் கூட்டத்தில் ஸ்மார்ட் வாட்ச் ஐந்து இருக்கிறது, ஊசி ஒன்றுதான்.

என் எறி எல்லாம் வளையத்தின் முன்பக்கத்தில் பட்டுத் திரும்புகிறது.

தட்டையாக எறிகிறீர்கள். வளையத்தின் விட்டம் 45 செ.மீ., பந்தின் விட்டம் சுமார் 24. நேர் மேலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட இரண்டு பந்து நுழையும் அகலம். ஆனால் பந்து சரிவாக வரும்போது அதன் பார்வையில் வளையம் ஒடுங்கிய முட்டை வடிவம். 45 டிகிரியில் இறங்கினால் திறப்பு 32 செ.மீ. ஆகிவிடும். 32 டிகிரியில் இறங்கினால் 24தான், பந்து உரசாமல் நுழைய இடமே இல்லை. ஃப்ரீ த்ரோவை (யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறிவது) கணினியில் லட்சக்கணக்கில் ஓட்டிப் பார்த்த நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் சொல்வது, கையைவிட்டுக் கிளம்பும்போது சுமார் 52 டிகிரி, நொடிக்கு மூன்று பின்சுழற்சி. கணக்கை மறந்துவிட்டு, எதிரில் யாரோ கையைத் தூக்கி நிற்பதாக நினைத்து அவர் விரலுக்கு மேலே போடுங்கள்.

இதை எண்ணிச் சொல்லும் போன் செயலிகள் இருக்கின்றன. கேமராவை நிறுத்தி வைத்தால் எத்தனை போட்டீர்கள், எத்தனை விழுந்தது, எந்தக் கோணம் என்று சொல்லும். என் பையிலிருந்து வெளியே வரத் தகுதியான ஒரே சாதனம் இது, ஏனென்றால் பந்து விழுந்ததா இல்லையா என்பதில் ஊகத்துக்கு இடமில்லை. பத்துக்கு எட்டு போடுகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். 100 எறிந்து பார்த்ததில் 53.

கீழிருந்து இரண்டு கையால் எறிந்தால் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். அமெரிக்க வீரர் வில்ட் சேம்பர்லின் 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தபோது ஃப்ரீ த்ரோவைக் கீழிருந்துதான் எறிந்தார். 32க்கு 28 விழுந்தது. மேலிருந்து எறிந்தபோது அவர் அதில் படுமோசம். ஆனாலும் பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கிறது என்று வெட்கப்பட்டுப் பழைய முறைக்கே திரும்பிவிட்டார், எண்ணிக்கையும் விழுந்தது.

நடுவர் இல்லாத ஆட்டத்தில் 'டிராவலிங்' சண்டையை எப்படித் தீர்ப்பது?

தீர்க்க முடியாது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளில் மூன்றாவதே இதைப் பற்றியதுதான்: பந்தோடு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும், ஓடிவந்து பிடித்தவர் நிற்க முயன்றால் சலுகை தரலாம். அந்தச் 'சலுகை' எவ்வளவு என்பதில்தான் இன்றுவரை சண்டை. 2017இல் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு விதியைத் திருத்தியது. ஓடிக்கொண்டே பந்தைக் கைக்குள் கொண்டுவரும்போது தரையில் இருக்கும் கால் கணக்கில் வராது, அதற்குப் பிறகு இரண்டு அடி. பழைய விதியில் வளர்ந்தவர்களுக்கு இது மூன்று அடியாகத் தெரியும், கத்துவார்கள். நாங்கள் வைத்திருக்கும் வழக்கம்: ஒரு நிமிடத்துக்கு மேல் வாதம் போனால், சொன்னவரே ஒரு ஃப்ரீ த்ரோ எறிய வேண்டும். விழுந்தால் அவர் சொன்னது சரி. போன் வீடியோவைப் போட்டுப் பார்க்கலாம் என்று ஒருமுறை முயன்றோம். வாதம் ஒரு நிமிடத்திலிருந்து ஏழு நிமிடம் ஆனது.

பத்துப் பேர் சேர்வதில்லை. என்ன செய்வது?

மூவர் மூவராக ஆடுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் தொடங்கி அதுவும் பதக்க ஆட்டம்தான். பாதிக் கோர்ட், ஒரே கூடை, 10 நிமிடம் அல்லது 21 புள்ளி, எது முதலில் வருகிறதோ அது. வளைவுக்குள் ஒரு புள்ளி, வெளியே இரண்டு. பந்து கையில் வந்த 12 நொடிக்குள் எறிய வேண்டும். முழுக் கோர்ட்டைவிட இதில்தான் மூச்சு வாங்கும், ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

கணுக்கால் பிசகிவிட்டது. எக்ஸ்ரே வேண்டுமா?

பெரும்பாலும் இன்னொருவர் பாதத்தின் மேல் இறங்கும்போதுதான் நடக்கும். பாதம் உள்பக்கமாகத் திரும்பி, வெளிப்பக்கத் தசைநார் இழுபடும். டாக்டர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஒட்டாவா விதி எளிமையானது. நொண்டியாவது நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் பின் ஓரத்தை அல்லது நுனியை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால் முறிவுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. அதற்காக அன்றைக்கே மறுபடி ஆட வராதீர்கள். வந்தவர்களை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருவன், ஆறு வாரம்.

இன்று மாலை ஆட்டம் உண்டா?

உண்டு. இதுவரை ஐந்து பேர் சொல்லியிருக்கிறார்கள், ஆறாவது ஆள் தேவை. பந்தில் காற்று குறைவு. போன வாரம் ஊசியைக் கொண்டுபோனவர் யாராக இருந்தாலும் கொண்டுவரவும்.